0.001 மி.மீ வரை காட்டும் புது மைக்ரோமீட்டருக்கு எதற்குக் கேலிபரேஷன்?

கேட்டவர் சின்னதாக சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) பட்டறை நடத்துகிறார். புதிதாக வாங்கிய டிஜிட்டல் மைக்ரோமீட்டர் (திருகி அளக்கும் கருவி) மைக்ரான், அதாவது 0.001 மி.மீ, வரை காட்டுகிறது, ஜீரோவும் சரியாக நிற்கிறது, பிறகு எதற்கு வருடா வருடம் லேபுக்குப் பணம் கட்ட வேண்டும், எல்லாம் தரச் சோதனைக்கு வரும் ஆடிட்டருக்காகத்தானே என்பது அவர் கேள்வி. கூடவே, ஓவனில் (சூடேற்றும் அடுப்பில்) மாட்டியிருக்கும் பிடி-100 என்ற வெப்பநிலை சென்சாருக்கும் இதே கதைதானா என்றும் கேட்டிருக்கிறார்.

நான் கோவையில் ஒரு கேலிபரேஷன் லேபில் வேலை பார்க்கிறவன். நானே சொல்கிறேன், நிறைய இடங்களில் அது ஆடிட்டருக்காகத்தான் நடக்கிறது. சர்டிஃபிகேட் வந்ததும் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபைலில் போட்டுவிட்டு, ஸ்டிக்கரை மட்டும் பெட்டியில் ஒட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அப்படிச் செய்வதாக இருந்தால் அந்தப் பணம் தண்டம்தான்.

கேலிபரேஷன் என்றால் கருவியைச் சரி செய்து தருவது என்று நினைத்துத்தான் பாதிப் பேர் அனுப்புகிறார்கள். அது அட்ஜஸ்ட்மென்ட், வேறு வேலை. அளவு தெரிந்த ஒரு மாஸ்டரை (ஒப்பிடும் அளவுத் துண்டை) வைத்து உங்கள் கருவி எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது, அப்படிச் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம், இந்த இரண்டையும் எழுதித் தருவதுதான் எங்கள் வேலை. ஒருவேளை அட்ஜஸ்ட் செய்தால், செய்வதற்கு முன் என்ன காட்டியது என்பதையும் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். அது தெரியாவிட்டால் ஏற்கெனவே டெலிவரி ஆன ஜாப் (நீங்கள் செய்த பாகங்கள்) எல்லாம் சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜீரோ சரியாக நிற்கிறது என்பது ஜீரோவைப் பற்றி மட்டும்தான் சொல்லும். 25 மி.மீ மைக்ரோமீட்டரை நாங்கள் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25 என்று விநோதமான அளவுகளில் ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவில் செய்த கட்டை) வைத்துப் பார்ப்போம். 5, 10, 15, 20 என்று நேராகப் போனால் என்ன? வழக்கமான மைக்ரோமீட்டரில் ஸ்பிண்டில் (திருகினால் நகரும் தண்டு) ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ நகரும், அதனால் முழு எண்களில் பார்த்தால் திருகு ஒவ்வொரு தடவையும் அதே கோணத்தில்தான் வந்து நிற்கும், ஒரு சுற்றுக்குள்ளேயே கூடிக் குறைகிற பிழை கண்ணில் படவே படாது. டிஜிட்டல் என்றாலும் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அதே திருகுதான். இது போக, அளக்கும் முகங்கள் தேய்ந்து மட்டம் போயிருக்கிறதா என்று ஆப்டிகல் ஃப்ளாட் என்ற மிகத் தட்டையான கண்ணாடியை வைத்து ஒளிப்பட்டைகளை எண்ணிப் பார்ப்போம், ஒரு பட்டை ஏறக்குறைய 0.3 மைக்ரான்.

ஆனால் உங்கள் மூன்றாவது தசமத்துக்கு உண்மையான எதிரி சூடு. நீள அளவு எல்லாமே 20 டிகிரி செல்சியஸில் என்று 1931-லேயே உலக அளவில் முடிவாகிவிட்டது, டிராயிங்கில் தனியாக எழுதாவிட்டாலும் பொதுவாக அதுதான் கணக்கு. எஃகு ஒரு மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 11.5 மைக்ரான் நீளும். சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் 35 டிகிரி என்றால் 100 மி.மீ எஃகு ஜாப் 17 மைக்ரான் நீண்டிருக்கும். மைக்ரோமீட்டரும் எஃகுதான், அதுவும் அதே 35-ல் கிடந்தால் இரண்டும் சேர்ந்து நீண்டு பெரும்பாலும் கழிந்துபோகும், பல பட்டறைகளின் பிழைப்பு இந்தப் புண்ணியத்தில்தான் ஓடுகிறது. மெஷினிலிருந்து சுடச்சுட எடுத்து அளந்தால் கழியாது. அலுமினியம் ஜாப் என்றால் ஆற வைத்தாலும் கழியாது, அது எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும், 100 மி.மீ-க்கு அதே 17 மைக்ரான் பிழை அப்படியே நிற்கும். டிஸ்ப்ளேயில் 0.001 மினுக்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். லேபில் நாங்கள் ஸ்லிப் கேஜை வெறுங்கையால் தொடமாட்டோம், கருவி வந்ததும் உடனே அளக்காமல் ஏசி அறையில் மணிக்கணக்கில் கிடக்க விட்டுத்தான் ஆரம்பிப்போம். ‘இன்னைக்கே கொடுங்க’ என்று வாசலில் நிற்பவர்களுக்கு இது புரிவதில்லை. (ஸ்லிப் கேஜைக் கண்டுபிடித்த ஸ்வீடன்காரர் யோஹான்சன், ஆரம்பத்தில் மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்து வீட்டிலேயே அதைத் தேய்த்து முடித்தாராம். அந்த அம்மா என்ன சொன்னாரோ.)

சரி, சர்டிஃபிகேட்டில் எதைப் பார்ப்பது? பிழை என்று ஒரு பத்தி இருக்கும், அன்சர்ட்டன்டி (அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது) என்று ± போட்டு ஒரு எண் இருக்கும், பக்கத்தில் கே = 2 என்று இருந்தால் சுமார் 95 சதவீத நம்பிக்கை என்று பொருள். உங்கள் ஜாப் டாலரன்ஸ் (அளவு கூடவோ குறையவோ அனுமதித்த எல்லை) ±0.010 மி.மீ என்று வையுங்கள், கருவி +0.009 காட்டுகிறது, உங்கள் அளவின் அன்சர்ட்டன்டி ±0.003. அந்த ஜாப் உண்மையில் 0.012-ஆகவும் இருக்கலாம். கஸ்டமரிடம் சண்டை வேண்டாம் என்றால் 0.007-க்குள் இருப்பதை மட்டும் பாஸ் பண்ணுங்கள். இதில் பலரும் கோட்டைவிடும் இடம், சர்டிஃபிகேட்டில் இருக்கும் அன்சர்ட்டன்டி எங்கள் அறையில், எங்கள் கையில் வந்தது என்பது. உங்கள் ஷெட்டின் சூடு, ஆப்பரேட்டரின் பிடி, ஜாப்பில் ஒட்டியிருக்கும் கூலன்ட் எல்லாவற்றையும் அதன் மேல் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எங்கள் ஸ்லிப் கேஜை யார் சோதிப்பது என்றால், அதற்கு மேல் ஒரு லேப், அதற்கும் மேல் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம், அங்கே லேசரின் அலைநீளம், கடைசியில் 1983-ல் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று நிலைநிறுத்திய ஒளியின் வேகம். லேபைத் தேர்ந்தெடுக்கும்போது என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) முத்திரையோடு நிற்காமல், உங்கள் கருவியும் அதன் ரேஞ்சும் அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று என்ஏபிஎல் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

லேபுக்கு அனுப்பவே கூடாத கருவியும் உண்டு. துல்லியத் தராசை அது இருக்கும் இடத்திலேயே வைத்துத்தான் கேலிபரேட் செய்ய வேண்டும். புவியீர்ப்பு ஊருக்கு ஊர் மாறும், சென்னையில் சரியாக 200 கிராம் காட்டியதை அப்படியே ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஏறக்குறைய 0.1 கிராம் குறைத்துக் காட்டும்.

பிடி-100 விஷயம். அது 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம், அதாவது ஒரு டிகிரிக்கு 0.4 ஓம்கூட இல்லை. இரண்டு வயர் இணைப்பில் நீளமான கேபிளின் தடை அரை ஓம் சேர்ந்தாலே 1.3 டிகிரி கூடிவிடும். சென்சாரை மட்டும் கழற்றி அனுப்பினால் இது எங்களுக்குத் தெரியாது. கேபிள், இண்டிகேட்டர் எல்லாம் சேர்த்து உங்கள் இடத்திலேயே செய்யச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை என்பதும் வேதவாக்கு இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டால் ஒழிய லேப் அடுத்த தேதியைப் பரிந்துரைக்கவே கூடாது என்றுதான் லேப்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 17025 சொல்கிறது, இடைவெளியை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். 5.1, 10.3, 25 என்று மூன்று ஸ்லிப் கேஜ் வாங்கி வையுங்கள். திங்கட்கிழமை காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் அளந்து நோட்டில் எழுதுங்கள். நோட்டில் எண் அசையாமல் இருந்து, அடுத்தடுத்த சர்டிஃபிகேட்டுகளிலும் பிழை அப்படியே இருந்தால் இடைவெளியை நீட்டலாம், கஸ்டமர் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லை என்றால். இரண்டு மூன்று மைக்ரான் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தால் ட்யூ டேட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அனுப்பிவிடுங்கள்.