ஒரு நாள் வகுப்பு போதுமா?

கேள்வி: கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பொறியியலாளர்கள் ஆறு பேர் இரண்டு வருடத்துக்கு ஜப்பானின் ஒசாக்கா நகருக்குப் போகிறார்கள், நால்வர் குடும்பத்தோடு. ஹோட்டலில் ஒரு நாள் வகுப்பு வைத்து, குனிந்து வணக்கம் சொல்வதையும் குச்சியால் சாப்பிடுவதையும் காட்டினால் போதும் என்கிறார் முகாமையாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. வணக்கம் சொல்வதில் பிழை விட்டால், வெளிநாட்டுப் பிள்ளை என்று பொறுத்துக்கொள்வார்கள். வேலையில் வரும் பிழையை அப்படி விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய வேலை முடியாது என்று புதன்கிழமையே தெரிந்துவிடுகிறது. மேலதிகாரி வந்து கேட்கிறார். நம் பிள்ளைக்கு வாயில் வருவது, "ஓம் சேர், முடிச்சிடலாம்." இரவிரவாக விழித்திருந்து முடிக்கப் பார்ப்பார், இங்கே அதைக் கெட்டித்தனம் என்று மெச்சுவோம். ஜப்பானில் பல அலுவலகங்கள் புதியவர்களுக்கு முதலில் பழக்குவதே 'ஹோரென்சோ': நடந்ததை அறிவி, சம்பந்தப்பட்டவருக்குத் தெரியப்படுத்து, முடிவெடுக்க முதல் கலந்து பேசு. புதன்கிழமை தெரிந்ததை வெள்ளிக்கிழமை சொன்னால், வேலை பிந்தியதைவிட மறைத்ததுதான் அவர்களுக்குப் பெரிதாகப் படும்.

இதை வகுப்பில் நடித்துப் பார்க்க வையுங்கள். "இரண்டு பகுதி முடிந்தது, மூன்றாவது பிந்தும், திங்கட்கிழமை தரலாமா?" இந்த வசனம் தயங்காமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லட்டும். சிரிப்பார்கள், கூச்சப்படுவார்கள், விடாதீர்கள். மேலதிகாரியாக நடிக்க, அங்கே வேலை செய்து திரும்பிய ஒருவரைப் பிடியுங்கள். ஹோட்டல் பேச்சாளரைவிட அவர் ஆயிரம் மடங்கு பயன்படுவார்.

குடும்பங்களையும் கூப்பிடுங்கள். அதிகம் மறக்கப்படுவது அவர்கள்தான். இங்கே வங்கியில் வேலை செய்த மனைவி அங்கே குடும்ப விசாவில் போனால், அனுமதி பெற்றும் பொதுவாகக் கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அதை ஒசாக்காவில் இறங்கிய பிறகு அறிந்தால் மனம் உடைந்துபோகும். குப்பையை எந்த நாளில், எப்படிப் பிரித்து வைப்பது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். சைவக்காரருக்கு ஒன்று: மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில் மீன் கண்ணில் படாது, ஆனால் சாறு பெரும்பாலும் உலர்மீனில் எடுத்தது.

பயணத்தோடு பயிற்சியை முடித்துவிடவும் வேண்டாம். நோர்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த தன் நாட்டவரை ஆராய்ந்து 1955இல் எழுதினார்: ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலாகவோ இருந்தவர்களைவிட, இடைப்பட்ட காலம் இருந்தவர்களே ஒத்துப்போகக் கூடுதலாகச் சிரமப்பட்டார்கள். எல்லாருக்கும் அப்படியே வரும் என்றில்லை. ஆனால் இரண்டு வருடம் போகிறவர்கள் அந்த இடைக்காலத்தைக் கடந்தே ஆகவேண்டும். ஆறாம் மாதத்திலிருந்து மாதம் ஒரு தடவையாவது நீங்களே அழைத்துப் பேசுங்கள். வேலைக் கணக்குக் கேட்காமல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

முகாமையாளரிடம் பண்பாடு என்று தொடங்காதீர்கள். ஒரு குடும்பம் பாதியில் திரும்பினால் விமானச்சீட்டு, வீட்டு முற்பணம், மாற்று ஆள் என்று எவ்வளவு போகும் என்பதை உங்கள் கணக்குப் பிரிவிடம் வாங்கி, ஒரே தாளில் எழுதி மேசையில் வையுங்கள். பிறகு நான்கு அரை நாள் கேளுங்கள். அலுவலக நேரத்திலேயே கேளுங்கள். சனிக்கிழமை தருகிறேன் என்றால் சம்மதிக்க வேண்டாம். புறப்பட இருக்கும் குடும்பங்களுக்கு அந்தச் சனிக்கிழமைகள் தேவை.