பெங்களூரு அபார்ட்மென்ட் பால்கனியில் பூத் ஜோலோக்கியா மாதிரி கடும் காரமான மிளகாய் வளர்க்க முடியுமா? செடி வருகிறது, ஆனால் இலை சுருண்டு காயே பிடிப்பதில்லை. பழுத்தால் எப்படிப் பறிப்பது?

தாராளமாக வளர்க்கலாம். ராமமூர்த்தி நகரில் இரண்டாவது மாடி பால்கனியில் நான் வளர்ப்பதே இதைத்தான். சாதாரண மிளகாய்க்குச் செய்வதையே செய்தால் போதும், ஆனால் பொறுமை இரண்டு பங்கு வேண்டும். தினமும் காலையில் செடியின் கொழுந்தைப் பார்க்கிற பழக்கமும் வேண்டும். உங்கள் செடி காய்க்குமா காய்க்காதா என்பதை உரத்தைவிட அந்தப் பழக்கம்தான் தீர்மானிக்கும்.

முதலில் எந்த ரகம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காரத்தை ஸ்கோவில் அலகில் சொல்வார்கள். கடையில் வாங்கும் குண்டூர் சன்னம் சுமார் 35,000 முதல் 40,000 வரை வரும். பூத் ஜோலோக்கியா 2007-ல் கின்னஸில் ஏறியபோது 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் எட் கரி உருவாக்கிய கரோலினா ரீப்பர் 2013-ல் முதலிடத்துக்கு வந்தது, பிறகு அதன் சராசரி 16.41 லட்சம் என்று பதிவானது. 2023-ல் அவருடைய பெப்பர் எக்ஸ் 26.93 லட்சத்தைத் தொட்டது. பெப்பர் எக்ஸ் விதையை அவர் விற்பனைக்கு விடவில்லை, அதனால் ஆன்லைனில் அந்தப் பெயரில் பாக்கெட் பார்த்தால் வாங்காதீர்கள். ரீப்பர் என்று வரும் பாக்கெட்டிலும் என்ன முளைக்கும் என்று காய்த்த பிறகுதான் தெரியும்.

என் சிபாரிசு பூத் ஜோலோக்கியாதான். அசாம், நாகாலாந்து, மணிப்பூர் மண்ணில் தலைமுறை தலைமுறையாக விளைவது, நாகா மிர்ச்சா என்ற பெயரில் புவிசார் குறியீடும் பெற்றது. இன்னொரு வசதி, இதற்கு விதை பாக்கெட்டே தேவையில்லை. ஈஜிபுரா பக்கம் வடகிழக்குக்காரர்கள் கடைகளில் காயவைக்காத புதுப் பழமாகவே கிடைக்கும். நன்றாகச் சிவந்து, தோல் சுருக்கம் சுருக்கமாக இருக்கும் பழமாகப் பார்த்து வாங்கி, அதிலிருந்தே விதை எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டுதான்.

"அசாமில் விளைவதை இங்கே போட்டால் அதே காரம் வருமா?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 2005-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வில், அசாமின் தேஜ்பூரில் விளைந்ததைவிட மத்தியப் பிரதேசத்தின் குவாலியரில் விளைந்த பூத் ஜோலோக்கியாவில் காரம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. இரண்டு ஊரிலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். குவாலியரில் மழையும் காற்றின் ஈரமும் குறைவு, அதுதான் வித்தியாசம். பெங்களூரு குவாலியர் அளவுக்கு வறண்ட ஊர் இல்லை, ஜூனிலிருந்து அக்டோபர் வரை காற்றில் ஈரம் இருக்கும். காய் பழுப்பது அந்த மாதங்களில் வருகிற மாதிரி விதைத்தால் நல்லது. அப்படியே பாதியாகக் குறைந்தாலும் ஐந்து லட்சம் மிச்சம், ஒரு குடும்பத்துக்கு அதுவே ஏராளம்.

ஆகவே ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ விதை போடுங்கள். இந்த இனம் முளைக்க இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை எடுக்கும், மண் 25 முதல் 30 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். அந்த மாதங்களில் இங்கே ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். பத்து நாள் பார்த்துவிட்டு விதை சொத்தை என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். ஈர டிஷ்யூவில் விதையை மடித்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து, ஃப்ரிட்ஜ் தலையில் வைத்துவிடுங்கள், அந்தச் சூடு போதும். முளை விட்டதும் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து சின்னக் கப்புகளில் மாற்றலாம். ஏப்ரலில் பெரிய பைக்கு. ஒரு செடிக்கு 12 அங்குலப் பை, கீழே ஓட்டை சரியாக இருக்க வேண்டும். செம்மண், தொழு உரம், நார்க்கழிவு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. தண்ணீர் தேங்கினால் இந்தச் செடி பிழைக்காது. விரலை உள்ளே விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் சொன்ன சுருட்டை. ஊரில் முரணை என்பார்கள். பெங்களூரு மாடித் தோட்டங்களில் மிளகாயைக் காலி செய்வது பெரும்பாலும் இதுதான். ஒரே பெயரில் சொன்னாலும் காரணம் ஒன்றல்ல, அதைப் பிரித்துப் பார்க்காமல் கண்ட மருந்தை அடித்தால் பலனிருக்காது. இலையின் ஓரம் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் அது இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, கொழுந்து குறுகித் தடித்துப்போனால் அது முரணைச் சிலந்தி. இந்தச் சிலந்தி கண்ணுக்குத் தெரியாது. ஃபோன் கேமராவில் மாட்டுகிற சின்ன லென்ஸ் வாங்கி இளம் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள், கண்ணாடித் துளி மாதிரி மெல்ல ஊர்வது தெரியும். இலைப்பேனைப் பார்க்க லென்ஸ் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைப் பூவுக்கு அடியில் பிடித்துத் தட்டினால், மஞ்சளாக மெல்லிய கோடு போல விழுந்து ஓடும்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் அடியுங்கள். இலையின் அடிப்புறம் நனைய வேண்டும், மேலே மட்டும் தெளிப்பது வீண். நீல ஒட்டும் அட்டை ஒன்று தொங்கவிட்டால் எவ்வளவு வருகிறது என்று கணக்குத் தெரியும். சிலந்திக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில். வெயில் உச்சத்தில் இருக்கும் நாளில் கந்தகம் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் கருகும். மிகவும் சுருண்டுபோன நுனியை வெட்டி, பையில் கட்டி, குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். அடியிலிருந்து புதுத் துளிர் வரும். இலைகள் மஞ்சள் பச்சையாகத் திட்டுத்திட்டாகி, செடி வளராமல் குட்டையாகவே நின்றால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் பிடுங்கி எறிந்துவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காய்கறிகளுக்கென்றே 'அர்கா வெஜிடபிள் ஸ்பெஷல்' என்று ஒரு நுண்ணூட்டக் கலவை தயாரித்திருக்கிறது. சத்துக் குறைவால் வெளிறும் இலைக்கு அது நன்றாக வேலை செய்கிறது, பூச்சிக்கு அல்ல.

பூ உதிர்வதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கோடை வெயிலில் வந்த முதல் பூக்கள் உதிரத்தான் செய்யும், ஜூன் மழையில் வருவது நிற்கும். தேனீ வராத உயரமான மாடி என்றால் காலையில் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள். காய் பிடித்துச் சிவக்கவே இரண்டு மாதம் ஆகலாம்.

பச்சையாக இருக்கும்போதே ஆசைப்பட்டுப் பறிக்காதீர்கள். முழுதாகச் சிவந்து, காம்புக்கு அருகில்கூடப் பச்சை இல்லாதபோதுதான் அந்தப் பழ வாசனை வரும். இந்த இனத்தின் உண்மையான அருமை அந்த வாசனைதான் என்பேன். கையால் இழுத்தால் கிளை ஒடியும், கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். காரம் விதையில் இருக்கிறது என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். விதை ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை நரம்பில்தான் காரம் உற்பத்தியாகிறது. பூத் ஜோலோக்கியாவைப் பிளந்தால் உள்சுவரிலும் எண்ணெய் மாதிரி மினுமினுப்பாகத் தெரியும், அதைத் தொடவே கூடாது. கையுறை கட்டாயம். மீறிப் பட்டுவிட்டால் தண்ணீரில் போகாது, காரத்தைத் தருகிற கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும். முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அப்புறம் சோப்பு. வாய் எரிந்தால் பால் அல்லது தயிர். மிக்ஸியில் அரைத்தால் மூடியை உடனே திறக்காதீர்கள், வாணலியில் வறுக்கவே வேண்டாம். வீட்டில் குழந்தையோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் அந்தப் புகை விபரீதம். காட்டு யானையை விரட்ட இந்த மிளகாயின் புகையை அசாமில் பயன்படுத்துகிறார்கள், அதிலிருந்தே வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம்.

சமையலுக்கு வருவோம். சாத்தூரிலிருந்து வந்திருந்த என் அத்தை பழத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இத்துனூண்டு காய்க்கா கையுறை எல்லாம்? ஒண்ணைக் கிள்ளி ரசத்துல போடு" என்றார். "கிள்ளாதீங்க அத்தை, முழுசாப் போட்டு எடுத்துடலாம்" என்று சொல்லி, கொதிக்கிற புளிக்குழம்பில் ஒரு பழத்தைக் கீறாமல் மிதக்கவிட்டு, அஞ்சு நிமிஷத்தில் கரண்டியால் எடுத்துவிட்டேன். "உறைப்பு அளவாத்தான் இருக்கு. வாசம் பலாப்பழம் கணக்கா இருக்கே" என்று இரண்டாவது தரம் ஊற்றிக்கொண்டார். கடும் கார மிளகாயைச் சமைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். பழம் வெடித்துவிடாமல் மட்டும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை உப்பும் வினிகரும் போட்டு பாட்டிலில் வைக்கலாம், இல்லையென்றால் அப்படியே ஃப்ரீசரில். மழை மாதங்களில் முழுதாகக் காயவைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும், இரண்டாகப் பிளந்துதான் உலர்த்த வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு செடி போதும், மூன்றாவது செடியின் பழம் அக்கம்பக்கத்துக்குத்தான் போகும். கொடுக்கும்போது என்ன மிளகாய் என்று டப்பாவின் மேல் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த வருஷத்துக்கு விதை வேண்டுமென்றால், பக்கத்தில் வேறு மிளகாய்ச் செடி இருந்தால் மகரந்தம் கலந்துவிடும். ஒரு கிளையில் பூ விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்து, அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழத்தின் விதையை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வருஷம் வரை முளைக்கும்.