ரீயூனியன் மலைமழையைச் செயற்கைக்கோள் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

இந்தியப் பெருங்கடலிலுள்ள நம் ரீயூனியன் தீவில், மலைப்பகுதியான சலாசி பக்கம் கொட்டித் தீர்த்த நாளிலும் செயற்கைக்கோள் படத்தில் மழை குறைவாகத் தெரிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

செயற்கைக்கோள் மழையை நேராக அளப்பதில்லை. நிலத்தின் மேல், மேக உச்சியிலுள்ள பனித்துகள்கள் மைக்ரோவேவ் கதிர்களை எவ்வளவு சிதறடிக்கின்றன என்று பார்த்துத்தான் பெரும்பாலும் கீழே பெய்வதைக் கணிக்கிறார்கள். நம் தீவில் சிக்கலே அங்கேதான். ஈரமான கடல்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது, பனி உருவாகும் உயரத்தை எட்டாத மேகமே பலத்த மழை தந்துவிடும். பனி இல்லையென்றால் தடயமும் இல்லை. கடல்மேல் என்றால் துளிகளின் கதிர்வீச்சையே பிடிக்கலாம். நிலம் தானே அதிகம் கதிர்வீசுவதால் இங்கே அது எடுபடாது.

சரி, செயற்கைக்கோளிலேயே ரேடார் வைத்தால்? வெப்பமண்டல மழையை ஆராய்ந்த ஜோன் சிம்ப்சன் அறிவியல் பொறுப்பேற்று வளர்த்த டிஆர்எம்எம் என்ற மழை கண்காணிப்புச் செயற்கைக்கோள் 1997இல் விண்ணுக்குப் போனது. மழை ரேடாரை முதலில் சுமந்தது அதுதான். 2014இல் அதன் வாரிசான ஜிபிஎம் செயற்கைக்கோள் வந்தது. ஆனால் ரேடார் பார்க்கும் பட்டை குறுகல். மலைமேல் தரையின் எதிரொலி வேறு குறுக்கிடும்.

2007 கமேட் புயலில் நம் தீவின் கொமெர்சோன் எரிமலைவாயில் 72 மணி நேரத்தில் 3,930 மி.மீ. பெய்தது, உலக சாதனை. அதைப் பதிவு செய்தது தரையிலிருந்த மழைமானி. அதனால் கடலோர ஊரான சென் தாந்த்ரேயிலிருந்து சலாசிக்கு ஏறும் முன் படத்தை மட்டும் நம்பாதீர்கள், வானிலை நிறுவனமான மெத்தியோ பிரான்சின் எச்சரிக்கையைப் பாருங்கள்.