கிளைடர் பந்தயம் பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

கேள்வி: விலை குறைந்த பழைய கிளைடரை (இன்ஜின் இல்லாமல் பறக்கும் விமானம்) வைத்துக்கொண்டு தொலைதூரப் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியுமா? சென்னையில் இருப்பவர் எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். வேலை நிமித்தமாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் சில வருடங்கள் இருந்தேன். அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்துதான் பறக்கவும் பந்தயத்துக்குப் போகவும் கற்றேன். இப்போது வேளச்சேரியில் இருக்கிறேன். என்னைக் கேட்டால், மலிவான கிளைடரில்தான் பந்தயத்தின் ருசி அதிகம்.

18 மீட்டர் இறக்கை கொண்ட புதிய போட்டிக் கிளைடரின் விலை ஒரு லட்சம் யூரோவைத் தாண்டும். அதைக் கேட்டதும் பலர் ஆசையை மூட்டை கட்டிவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவின் ஷ்வைசர் 1-26 என்ற கிளைடரைப் பாருங்கள். 1954-இல் வந்தது, 1979 வரை ஏறக்குறைய 700 கிளைடர்கள் செய்யப்பட்டன. பழையது ஒன்று, இங்கே ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்கே கிடைத்துவிடும். அதற்கென்று தனிச் சாம்பியன்ஷிப்பே உண்டு. எல்லோர் கையிலும் ஒரே மாதிரி கிளைடர் என்பதால் பணத்தைக் கொட்டி யாரும் ஜெயிக்க முடியாது.

ஐரோப்பாவில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள்: கிளப் கிளாஸ். ஸ்டாண்டர்ட் சிர்ரஸ், லிபெல்லே, எல்.எஸ்.4 போன்ற பழைய கிளைடர்களுக்கு அவற்றின் திறனுக்கு ஏற்ப ஹேண்டிகேப் (திறன் வித்தியாசத்தை மதிப்பெண்ணில் ஈடுகட்டும் கணக்கு) கொடுத்து ஒன்றாகப் போட்டியிட விடுவார்கள். உலகச் சாம்பியன்ஷிப் வரை இந்தப் பிரிவு உண்டு. எல்லோருக்கும் கட்டுப்படியாகும் கிளைடர் என்று போலந்தின் பி.டபிள்யூ-5-ஐத் தேர்ந்தெடுத்து 'வேர்ல்டு கிளாஸ்' என்ற பிரிவும் நடத்திப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு இன்னும் நன்றாகப் பறக்கும் பழைய சிர்ரஸ் கிடைக்கும்போது பலர் அதைத்தானே வாங்குவார்கள்!

சரி, சுவை ஏன் அதிகம் என்கிறேன்? காற்று அசையாத நாளில் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1-26 சுமார் 23 கிலோமீட்டர் சறுக்கும். எல்.எஸ்.4 சுமார் 40. 30.9 மீட்டர் இறக்கை கொண்ட ஈட்டா என்ற கிளைடர் சுமார் 70. சறுக்கும் தூரம் குறையக் குறைய, அடுத்த தெர்மல் (தரையிலிருந்து சூடாகி மேலே எழும் காற்று) எங்கே என்ற கேள்வி அடிக்கடி வரும். எந்த மேகத்தின் அடியில் போவது, தூக்கல் குறைந்த தெர்மலில் இன்னும் சுற்றுவதா, விட்டுவிட்டு நகர்வதா? பந்தயமே இந்த முடிவுகளில்தான் இருக்கிறது. அடுத்த தெர்மல் பலமாகத் தூக்கும் என்று நம்பினால் இடைப்பட்ட தூரத்தை வேகமாகக் கடக்க வேண்டும், சந்தேகம் என்றால் நிதானமாக. எவ்வளவு வேகம் என்பதற்குக் கணக்குச் சொன்னவர் பால் மெக்கிரெடி. 1956-இல் பிரான்ஸில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர் அவர்.

புறப்படுவதற்கு முன்பே ஆட்டம் தொடங்கிவிடும். தொடக்கக் கோடு திறந்த பிறகு எப்போது கடப்பது என்பது அவரவர் விருப்பம். முன்னால் போகிறவர் தெர்மலைக் காட்டிக் கொடுத்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். ஒரே தெர்மலில் பத்து இருபது கிளைடர்கள் சுற்றும்போது, முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றினாரோ அதே பக்கம்தான் மற்றவர்களும் சுற்ற வேண்டும். எதிரில் இருப்பவரின் முகம் தெரியும் அளவுக்கு நெருக்கம். அந்தப் பரபரப்பை வேறு எந்த விளையாட்டிலும் நான் உணர்ந்ததில்லை. தெர்மல் கிடைக்காவிட்டால் ஏதாவது வயலில் இறங்கி நண்பர்களைக் கூப்பிட வேண்டியதுதான். இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இதற்கும் 1-26 நல்லது: குறைந்த வேகத்தில் தரையிறங்கும், சின்ன வயல் போதும்.

சென்னையில் கிளைடர் பறக்கும் இடம் இல்லை. ஆனால் வானத்தைப் படிக்க இங்கேயே பழகலாம். கத்திரி வெயிலில் காலை பதினொரு மணிக்குப் பருந்துகள் எங்கே சுற்றி ஏறுகின்றன என்று கவனியுங்கள். கடற்காற்று வந்ததும் கரையோரம் தெர்மல் அடங்கிவிடும். ஆனால் உள்ளே வரும் அந்தக் காற்றின் முன்விளிம்பில் தரையின் சூடான காற்று மேலே தள்ளப்படும். அந்த விளிம்பை ஒட்டியே தெர்மலில் சுற்றாமல் வெகுதூரம் பறக்கும் கிளைடர்காரர்கள் இங்கிலாந்தின் தென்பகுதியில் உண்டு.

பயிற்சிக்கு, புனே ஹடப்சரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கிளைடிங் மையம் இருக்கிறது. கிளம்பும் முன் பயிற்சி நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை காண்டோர் (Condor) என்ற கிளைடர் சிமுலேட்டரை கணினியில் போட்டுக்கொண்டு இணையப் பந்தயங்களில் கலந்துகொள்ளலாம். மெக்கிரெடியின் கணக்கு கைக்கு வர அதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. வெளிநாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போனால் முதலில் கிளப்பில் சேருங்கள். கிளப் கிளைடரிலேயே 50 கிலோமீட்டர் தூரம், 5 மணி நேரம், 1,000 மீட்டர் உயர ஏற்றம் என்ற மூன்றையும் செய்தால் கிடைக்கும் வெள்ளி பேட்ஜை முடியுங்கள். சொந்தக் கிளைடர் எல்லாம் அப்புறம். அதையும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவதுதான் அங்கே வழக்கம்.