முழுக் கண்ணாடி முகப்பு போடலாமா?

கேள்வி: நாலு மாடியில ஜவுளிக்கடை கட்டப் போறோம் சார், முழுக்க ஏசி. முகப்பு பூரா கண்ணாடியா இருக்கணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். இன்ஜினியர் எனர்ஜி கோடு இருக்கு, ஒத்துக்க மாட்டாங்கங்கறார். மாடில சோலார் போட்டுட்டா சரியாயிடாதா?
- ஜவுளிக்கடைக்காரர், மதுரை

பதில்: இன்ஜினியர் சும்மா பயமுறுத்தலைங்க. இ.சி.பி.சி.ன்னு, கட்டடம் கரண்டை வீணாக்காம இருக்கறதுக்கான மத்திய அரசோட கோடு 2007லயே வந்தது, 2017ல திருத்தினாங்க. கடை, ஆபீஸ், ஹோட்டல் மாதிரி கமர்ஷியல் கட்டடத்துல கனெக்டட் லோடு, அதாவது மாட்டற மின்சாதனங்க எல்லாத்தோட மொத்த வாட், 100 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ இருந்தா இதுக்குள்ள வந்துடும், நாலு மாடிக்கும் ஏசின்னா நீங்க அதைத் தாண்டத்தான் சான்ஸ் அதிகம். மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும், அதனால ப்ளான் அப்ரூவலுக்குப் போறப்பவே கேட்டு வச்சுக்குங்க.

ஆனா பையன் ஆசைக்கும் வழி இருக்கு. வெளிச்சுவர்ல கண்ணாடி 40 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு கோடுல இருக்கு, அது முகப்புக்கு மட்டும் போடற கணக்கு இல்ல, மொத்த வெளிச்சுவருக்கும் சேர்த்துத்தான், மத்த மூணு பக்கமும் வெறும் சுவரா விட்டா முன்பக்கம் தாராளமா போடலாம். என்ன, சாதா கண்ணாடி ஆகாது. கண்ணாடில படற வெயில் சூட்டுல நூத்துக்கு 27 பங்குக்கு மேல உள்ள வரக்கூடாது, எஸ்.எச்.ஜி.சி. 0.27ன்னு சொல்வாங்க, கொட்டேஷன்ல அந்த நம்பரை எழுதி வாங்குங்க. வடக்குப் பார்த்த கடைதானேன்னு விட்றாதீங்க, 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே இருக்கற ஊர்கள்ல வடக்குப் பக்கத்துக்கு 0.50 வரைக்கும் சலுகை உண்டு, நமக்குக் கிடையாது, ஏன்னா சித்திரைலேர்ந்து ஆவணி வரை மதுரைல உச்சிவெயிலே வடக்குப் பக்கம் சாஞ்சுதான் அடிக்கும். மேற்குன்னா இன்னும் மோசம், ஷோகேஸ்ல தொங்கற பட்டு மடிப்பு மடிப்பா வெளுத்துப் போறதை நீங்களே பார்த்திருப்பீங்க.

சோலார் போடுங்க, நல்லதுதான். ஆனா அது கரண்ட் குடுக்குமே தவிர கண்ணாடி வழியா உள்ள வர்ற சூட்டைத் தடுக்காது, சூடு வந்தா ஏசி டன்னேஜ், அதாவது ஏசியோட அளவு, கூடும், அதுக்குத் தனியா காசு. உங்களுக்குக் கூட்டம் வர்றதே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, அப்ப சோலார் தூங்கிடும்.

கேள்வி: கடை பழசு. மொட்டைமாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சா பிரயோஜனம் உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: உண்டும்மா. கோடே புதுக் கட்டடக் கூரை வெயில்ல 60 சதவீதமாவது திருப்பி அனுப்பணும்னுதான் சொல்லுது. பழைய தட்டோடு இருந்தா பேக்க வேண்டாம், அதுமேலயே அடிக்கலாம். தூசி படிஞ்சா வெயிலைத் திருப்பற சக்தி போயிடும், பங்குனி பிறக்கறதுக்குள்ள ஒருதடவை தேய்ச்சுக் கழுவிடுங்க.