டிஸ்ட்ரோ (விண்டோஸ் மாதிரிக் கம்பியூட்டரை ஓட்டுற லினக்ஸின்ர வகை: உபுண்டு, மின்ட் போல) மாத்தட்டோ? – வாங்குறவைக்கான கேள்வி-பதில்

கேள்வி: அண்ணை, உபுண்டு 20.04 பாவிக்கிறன், ஒரு பிரச்சினையும் இல்லை. கூட்டாளிமார் மின்டுக்கு மாறச் சொல்லினம். மாறட்டோ? – பரந்தன்

பதில்: கூட்டாளிமாருக்காக மாற வேண்டாம். ஆனா 20.04க்கு வழக்கமான சப்போட் 2025 மே மாதத்தோட முடிஞ்சுது, பாதுகாப்பு அப்டேட் வாறேல்ல, அதால ஏதோ ஒண்டு செய்யத்தான் வேணும். உபுண்டு புரோ எண்ட கூடுதல் சப்போட் தனி ஆக்களுக்கு 5 மெஷின் வரைக்கும் இலவசம், அதைப் போட்டா 2030 வரைக்கும் இதையே ஓட்டலாம். பிறகு வந்த உபுண்டு 24.04க்கு நேர தாவ ஏலாது, 22.04ஐத் தொட்டுத்தான் போகோணும், ரெண்டு தரமும் ஜிபி கணக்கில டேட்டா போகும். மின்ட் 22 இறக்க 3 ஜிபிக்குக் கிட்ட, சப்போட் 2029 வரைக்கும். இன்டர்நெட்டுக்கு டொங்கிள்தான் இருக்கெண்டா, ஃபைல் எல்லாத்தையும் பெக்கப் எடுத்துப்போட்டு மின்டைப் புதுசாப் போடுறது லாபம். பற்றரியை நிரப்பிப்போட்டுத் தொடங்குங்கோ, இடையில கரண்ட் போனா பிறகு மெஷின் எழும்பாமலும் போகலாம்.

கேள்வி: 4 ஜிபி ராம், லெப்டொப் சரியான ஸ்லோ. ஆறு மாசத்தில மூண்டு டிஸ்ட்ரோ மாத்தியாச்சு. அடுத்து எது? – புதுக்குடியிருப்பு

பதில்: ஒண்டும் வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கோ. இதில நான் நல்லா அடிபட்டனான். வவுனியாவில ஒரு கடையில 'புது டிஸ்க்' எண்டு சொல்லிப் பழைய லெப்டொப் ஒண்டை என்ர தலையில கட்டினவை. பிழை உபுண்டுவில எண்டு நினைச்சு டெபியன் போட்டன், பிறகு சுபுண்டு போட்டன், ரெண்டு கிழமை இரவிரவா அதோடயே கிடந்தன். கடைசியில டிஸ்க்ஸ் எண்ட புரோகிராமில ஸ்மார்ட் டேட்டாவை (டிஸ்க் தன்ர நிலையைத் தானே எழுதி வைக்கிற கணக்கு) திறந்தா 'பவர் ஒன் ஹவர்ஸ்' வரியில 31,000 நிக்குது, மூண்டரை வருசம் நிப்பாட்டாம ஓடின கணக்கு. கழட்டிப் பாத்தா பழைய ஸ்டிக்கருக்கு மேல புது ஸ்டிக்கர், மூலையை நகத்தால சுரண்டக் கீழ இருந்த எழுத்து வெளிய வருது. எஸ்எஸ்டி (சுத்துற தட்டில்லாத வேகமான டிஸ்க்) ஒண்டு வாங்கிப் போட்டன், அதே உபுண்டு இப்ப பறக்குது. இனி வாங்கேக்க மின்ட் பென் ட்ரைவ் ஒண்டைக் கொண்டுபோய் கடையிலயே லைவா, எண்டா டிஸ்க்கில ஒண்டும் போடாம பென் ட்ரைவில இருந்தே, எழுப்பி அந்த வரியைப் பாருங்கோ. கடைக்காரர் விடமாட்டன் எண்டா வாங்காதேங்கோ.

கேள்வி: மகன் ஓ/எல் எடுக்கிறான், காளி லினக்ஸ் (கம்பியூட்டர் பாதுகாப்பைச் சோதிக்கிற ஆக்களுக்கான டிஸ்ட்ரோ) கேக்கிறான். போடட்டோ? – மல்லாவி

பதில்: வேண்டாம். புதுசாப் பழகிற ஆக்களுக்கு இது இல்லை எண்டு அதைச் செய்யிறவையே சொல்லினம்.

கேள்வி: மலிவா ஒரு பிரிண்டர் எடுத்தன், லினக்ஸில ஓடுதில்லை. எந்த டிஸ்ட்ரோவில ஓடும்? – மாங்குளம்

பதில்: லினக்ஸுக்கு டிரைவரே (பிரிண்டரைக் கம்பியூட்டரோட பேச வைக்கிற மென்பொருள்) இல்லாத மொடலெண்டா ஒண்டிலயும் ஓடாது. காசை எண்ணிக் குடுக்க முதல் மொடல் பேரை ஒருக்காத் தேடிப் பாத்திருக்கலாமே, அஞ்சு நிமிச வேலை. பெட்டி கிழியாட்டி இண்டைக்கே கொண்டுபோய் மாத்தித் தரச் சொல்லுங்கோ.

கேள்வி: மின்ட் போடக் கடையில குடுத்தன். பில்லில 'லினக்ஸ் லைசென்ஸ் 4,500' எண்டு எழுதியிருக்கினம். வீட்ட வந்து பாத்தா அம்மாவின்ர படம் ஒண்டும் இல்லை. – முல்லைத்தீவு

பதில்: தங்கச்சி, முதல் லெப்டொப்பை நிப்பாட்டுங்கோ, அதில புதுசா ஒண்டும் சேமிக்காதேங்கோ. ஹார்ட் டிஸ்க்கெண்டா, மேல வேறெதுவும் எழுதுப்படாத இடத்தில படங்கள் இன்னும் கிடக்கும். லைவ் பென் ட்ரைவில எழுப்பி ஃபோட்டோரெக் எண்ட, அழிஞ்ச ஃபைலை மீட்கிற புரோகிராமை ஓட்டி வேறொரு டிஸ்க்குக்கு எடுங்கோ. இலவசம்தான். ஃபைல் பேரெல்லாம் மாறி வரும், பறவாயில்லை. எஸ்எஸ்டியெண்டா வாய்ப்புக் குறைவு, எண்டாலும் முயற்சி பண்ணுங்கோ.

இந்த லைசென்ஸ் கதையைக் கேக்கக் கேக்க எனக்கு வயிறு எரியுது. மின்டுக்கு லைசென்ஸ் காசே கிடையாது, ஆரும் இறக்கலாம், பிரதி எடுக்கலாம், மற்றவைக்குக் குடுக்கலாம். ரெண்டு மணித்தியாலம் இருந்து போட்டுத் தாறவனுக்குக் கூலி குடுக்கத்தான் வேணும், அதைக் கூலி எண்டே எழுதட்டும், இல்லாத லைசென்ஸுக்குக் காசு எடுக்கிறது களவு. 'பெக்கப் எடுத்தனீங்களோ' எண்டு ஒரு வார்த்தை கேக்காமல் டிஸ்க்கை அழிச்சது அதைவிடப் பெரிய அநியாயம். திருப்பித் திருப்பி இடம்பெயர்ந்து எங்கட சனத்திட்ட மிஞ்சின படமே கொஞ்சம், அதையும் ஸ்கான் பண்ணி இந்த லெப்டொப்புகளுக்குள்ளதான் வச்சிருக்குதுகள்.

பில் இருக்கெல்லோ, 3 மாசத்துக்குள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுங்கோ, 1977க்கு அடிச்சும் கேக்கலாம். கடைக்காரர் சமாதானம் பேச வந்தாலும் பில்லைக் கையில குடுத்திடாதேங்கோ, போட்டோக் கொப்பியைக் காட்டினாப் போதும்.