ரோஜாவுக்குத் துணைச்செடி: டர்பன் மழைக்கு எது தாங்கும்?

கேள்வி: எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு ரோஜாச் செடிகள் இருக்கின்றன. ரோஜாவுக்கு நல்ல துணை என்று சொல்லி நர்சரியில் ஆறு லாவெண்டர் கொடுத்தார்கள். ஜனவரி மழையில் நான்கு அழுகிப்போயின. திரும்பப் போய்க் கேட்டால், 'செடிகளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்ற பலகையைக் காட்டுகிறார்கள். வேறு என்ன வாங்கலாம்? போன பணம் வருமா?

பதில்: உங்கள் கையில் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. லாவெண்டர் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. அதற்குக் குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் வேண்டும். கேப் டவுனில் அப்படித்தான் பெய்கிறது, அங்கே அது செழிக்கும். நமக்கோ மழை கொட்டுவதே கோடையில்தான். இரண்டு ஊருக்கும் ஒரே செடியைச் சிபாரிசு செய்தால் இப்படித்தான் ஆகும். லாவெண்டர் இல்லாமல் மனசு கேட்காது என்றால், இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் பிரெஞ்சு வகையைக் கேளுங்கள். புழுக்கத்தை அது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மண்ணை மேடாக்கி நடுங்கள்.

நான் முதலில் வாங்கச் சொல்வது காட்டுப்பூண்டு. நம் குவாசுலு-நட்டால் மண்ணிலேயே பிறந்தது. ஊதாப் பூ, மெல்லிய இலை, கிள்ளினால் பூண்டு வாசம். பாம்பு அண்டாது என்று ஜூலு மக்கள் வீட்டைச் சுற்றி நடுவார்கள். அந்த வாசத்துக்கு ரோஜாவில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வராது என்று கடையில் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மழைக்கும் சாகாது, வறட்சிக்கும் சாகாது என்பதற்காக வாங்குங்கள். செடி நெருக்கமாக வளர்ந்த ஒரு தொட்டி போதும். பிரித்து நட்டால் ஐந்தாறு குத்தாகிவிடும்.

அசுவினிக்கு நிஜமாக உதவுவது பூக்களைத் தேடி வரும் ஒரு சின்ன ஈ. பார்க்கத் தேனீ போலவே இருக்கும், பறந்தபடி ஒரே இடத்தில் நிற்கும். அதன் புழு அசுவினியைத் தின்றுதான் வளர்கிறது. அந்த ஈயை வரவழைக்க வெள்ளை அலிசம் பூச்செடி போதும். அதுகூட வேண்டாம், சமையலறை டப்பாவில் இருக்கும் கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துத் தூவுங்கள். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் பூத்துவிடும் என்று அலுத்துக்கொள்கிறோமே, இங்கே அதுதான் வேண்டியது. செண்டுமல்லி வேரை அரிக்கும் நூற்புழுவைக் குறைக்கும், ஆனால் நாலு செடியால் ஆகாது, நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் விட வேண்டும். அதற்குச் செடியாக வாங்காதீர்கள், விதைப் பாக்கெட் போதும்.

எதை நட்டாலும் ரோஜாவின் அடித்தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கரும்புள்ளி நோய் பிடிக்க இலை ஏழு மணி நேரம்போல ஈரமாக இருந்தாலே போதும். அடியில் செடிகள் நெருக்கினால் காற்று நுழையாது, இலை காயாது. ஜூலையில் கவாத்து செய்த பிறகு, ஆகஸ்ட் செப்டம்பரில் நடுவது சுலபம், முள்ளும் கையைக் கிழிக்காது.

கடையிலேயே தொட்டியைச் சாய்த்து, செடியை மெல்ல உருவிப் பாருங்கள். வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் மட்டும் கழன்று வந்தால் அது ஏற்கெனவே அழுகிய செடி. வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செடிக்கும் பொருந்தும். தரமில்லாத பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மாற்றா, பணமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த உரிமையை ஒரு பலகை பறித்துவிட முடியாது. ரோஜாப் பாத்தியில், டர்பன் மழையில் நடப்போகிறேன் என்று வாங்கும்போதே சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் இன்னும் பலம், ஏனென்றால் சொன்ன உபயோகத்துக்குப் பொருந்தும் பொருளைத் தருவது விற்பவரின் கடமை. தண்ணீர் விடாமல் காய்ந்த செடிக்கு இது பொருந்தாது. ரசீதையும் செத்த செடியின் படத்தையும் வைத்து முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், வாங்குபவர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் சேவை ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் முறையிடுங்கள், கட்டணம் இல்லை.

கேள்வி: சாலையோரம் ஒருவர் வண்ணவண்ண உண்ணிச்செடியை ரோஜாவுக்குத் துணை என்று மலிவாக விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். லான்டானா என்ற அந்த உண்ணிச்செடி இந்த நாட்டில் 1பி வகை, அதாவது கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய ஆக்கிரமிப்புச் செடி. விற்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். உங்கள் காணியில் ஏற்கெனவே இருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். நாளை வீட்டை விற்கும்போதும், இருக்கிறது என்று வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.